மூடிய பெட்டியைப் பார்த்துச் சிரித்தவர்

கலியாணமான புதிதில் என் கணவருக்கு ஒரு பெரிய கவலை இருந்தது, எனக்குப் பல்லில் ஏதும் குறையோ என்று. அவருடைய தாய் அதைப் பக்கத்து வீட்டில் வாய்விட்டே கேட்டுவிட்டாராம். பெண் பார்க்க வந்த அன்றும் நான் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரித்தேன். கலியாணப் படத்திலும் அப்படித்தான். புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் இருந்து தலையை வெளியே எடுத்து, "தங்கச்சி, கொஞ்சம் சிரியுங்கோ" என்று மூன்று தரம் கெஞ்சினார். நான் மசியவில்லை. பல்லெல்லாம் எனக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. நான் வாய்விட்டுச் சிரிக்காததற்குக் காரணம் ஒரு சினிமாப் படம்.

அழுகைப் படம் என்றாலும் ஒரு நியாயம் இருக்கும். அது முழுக்க முழுக்கப் பாட்டும் சிரிப்புமான படம். அதை முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது. முல்லைத்தீவுக் கடைத்தெருவுக்குப் பின்னால், தென்னோலைக் கிடுகால் மேய்ந்து சுற்றிவரப் படங்குச் சீலை கட்டிய கொட்டகையில் அது ஓடியது. பகல் காட்சி என்றால் படங்கின் ஓட்டைகளால் வெயில் உள்ளே வரும். கதாநாயகி அழகாகத் தலையைத் திருப்பும்போது அவளுடைய மூக்கு நுனியில் ஒரு வெயில் பொட்டு விழும். நாங்கள் அதையும் படத்தோடு சேர்த்தே பார்த்தோம்.

கதை இதுதான். ஒரு ஜமீன்தார் மாமரத்திலிருந்து விழுந்துவிடுகிறார். விழுந்ததில் காது போய்விடுகிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை. பேச்சுக் கேட்காது, பாட்டு மட்டும் கேட்கும். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் அவருக்கு எதையும் பாடித்தான் சொல்ல வேண்டும். சோறு வெந்ததற்கு ஒரு பாட்டு, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதற்கு ஒரு பாட்டு. மகளுடைய காதலன் பெண் கேட்க வருகிறான், அவனுக்கோ பாட்டு வராது. இப்படியே போகும்.

எனக்கு உயிர் சமையற்காரன் வரும் கட்டம். வீட்டுக்குள் கள்ளன் புகுந்துவிடுகிறான். அதைக் கண்ட சமையற்காரன் ஜமீன்தாரிடம் ஓடி வருகிறான். கள்ளன் தப்ப வழியில்லாமல் அதே அறையில் இருக்கும் பெரிய மரப்பெட்டிக்குள் ஒளித்துவிடுகிறான். "கள்ளன் வந்துவிட்டான்" என்பதைச் சமையற்காரன் பாட வேண்டும். பாடுகிறான், தாளம் பிசகுகிறது. ஜமீன்தார் கையைக் காட்டி நிறுத்தி, முதலிலிருந்து பாடச் சொல்கிறார். மறுபடி பிசகுகிறது, மறுபடி முதலிலிருந்து. இப்போது திரையில் அந்தப் பெட்டி மட்டும் வரும், மூடிய பெட்டி. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு உள்ளேயிருந்து சரியான தாளம் கேட்கத் தொடங்கும். கள்ளன் பொறுக்க முடியாமல் உள்ளே இருந்து தட்டுகிறான். அந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்புக்குச் சின்னம்மா தன் கையால் என் வாயைப் பொத்த வேண்டியதாகிவிட்டது.

பொத்தியதற்கு வேறு காரணமும் இருந்தது. அது தபசுகாலம், போதாததற்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் வேதக்காரர், கடல்தொழில் செய்கிறவர்கள். விபூதிப் புதனிலிருந்து கர்த்தர் உயிர்த்த பாஸ்கு வரைக்கும் எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை, புதுச்சட்டை இல்லை, ஊஞ்சல்கூட அவிழ்த்து மேலே போட்டுவிடுவார்கள். சினிமா என்ற சொல்லை எடுத்தால் அம்மா அகப்பையை எடுப்பார். கொட்டகைக்காரருக்குத் தபசுகாலம் ஏது, அவர் படத்தை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். சின்னம்மா என்பது அம்மாவின் கடைசித் தங்கை. அப்போது அவருக்கு இருபது வயது, சினிமாப் பைத்தியம். சிலுவைப் பாதைக்குப் போகிறோம் என்று சொல்லி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். படம் முடிய நேரே கோவிலுக்குப் போகலாம், அப்போது சொன்னது பொய்யாகாது என்பது அவருடைய கணக்கு.

அன்று காலையில் மற்ற வள்ளங்கள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன, அப்பாவின் வள்ளம் மட்டும் வரவில்லை. வாடைக்காற்று ஓய்கிற காலம், சில நாளில் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று உதறும். மத்தியானம் வரைக்கும் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அம்மாகூட, பிந்தித்தான் வருவார் என்று சொல்லிச் சோற்றை மூடி வைத்தார். ஆகவே நான் கவலை ஒன்றும் இல்லாமல் போய்ச் சிரித்தேன்.

கொட்டகையை விட்டு வெளியே வந்தபோது கடைத்தெருவில் ஆட்கள் இல்லை. எல்லாரும் கடற்கரையில் நின்றார்கள். நடுவில் அம்மா நின்றார். அம்மாவைச் சுற்றிப் பெண்கள் நின்ற விதத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சின்னம்மா என் கையை விட்டுவிட்டார்.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று இரவும் அம்மா அழவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பக்கத்து வீட்டார் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து வைப்பார்கள், அது ஆறிப் போகும். சின்னம்மா என்னைக் குசினிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய், படம் பார்த்த கதையை வெளியில் விட்டால் தன்னை உயிரோடு விடமாட்டார்கள் என்று கும்பிட்டுக் கேட்டார். நான் ஏன் விடப்போகிறேன். கர்த்தர் சிலுவையில் தொங்கிய கிழமையில், தொங்கிய நேரத்தில், நான் வாயைப் பிளந்து சிரித்திருக்கிறேன். அதற்குத்தான் கடல் அப்பாவை எடுத்துவிட்டது. எனக்கு அதில் கடுகளவு சந்தேகமும் இருக்கவில்லை. இதை அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் எங்கே போவேன்?

ஞாயிறு பின்னேரம் தனியாகக் கோவிலுக்குப் போனேன். மாதா சுரூபத்துக்கு முன்னால் வெறும் நிலத்தில் முழங்காலில் நின்று நேர்ந்தேன். அப்பாவைத் தந்தால் இனிமேல் சினிமாப் பார்க்க மாட்டேன், வாய்விட்டுச் சிரிக்கவும் மாட்டேன் என்று. மெழுகுதிரி வாங்க எனக்கு வழியில்லை, கொடுப்பதற்கு என்னிடம் இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். எழும்பும்போது கோவில் மணி நாலு அடித்தது.

திங்கள் மத்தியானம் அப்பா ஒரு லொறியிலிருந்து இறங்கி நடந்து வந்தார். யாரோ ஒருவருடைய சாரம் கட்டியிருந்தார். கூடப்போன கூட்டாளியும் பின்னால் வந்தார். அம்மா ஓடிப்போய் முதலில் அப்பாவின் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டார், அதற்குப் பிறகுதான் அழுதார். பாய்மரம் முறிந்து தெற்கே இழுபட்டுத் திருகோணமலைப் பக்கம் கரை ஏறினார்களாம், வள்ளத்தை அங்கேயே திருத்த விட்டிருந்தார்களாம். முல்லைத்தீவுக்குப் போகிறேன் என்ற ஒரு லொறிக்காரரிடம் சொல்லி அனுப்பினார்களாம். அந்த மனிதர் இடையில் வேறு சாமான் கிடைக்க வவுனியாவுக்குத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஊரே திட்டியது அந்த லொறிக்காரரைத்தான். நான் மட்டும் மாதாவை நினைத்துக்கொண்டேன். நேர்ந்தது ஞாயிறு, வந்தது திங்கள். இனி அந்த நேர்த்தியை மீற எவருக்குத் துணிவு வரும்?

அம்மாவும் சும்மா இருக்கவில்லை. குடும்பமாக மடு மாதா கோவிலுக்கு நடந்தே வருவதாகவும், அப்பா தன் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவதாகவும் அவர் நேர்ந்திருந்தார். ஆடித் திருவிழாவுக்கு நடந்தோம். ஒட்டுசுட்டானைத் தாண்டியதும் யானைப் பயத்தில் நாலைந்து குடும்பங்கள் வண்டிகளோடு ஒன்றாகச் சேர்ந்துதான் போனோம். கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டு வரச் சொன்னால் ஒரு நாள் முழுக்க முணுமுணுக்கிற மனிதர் என் அப்பா. அந்த வழி முழுக்க, வெறுங்காலோடு, அந்த மெழுகுதிரியைத் தோளில் சுமந்துகொண்டு, வாயே திறக்கவில்லை. சாவைப் பார்த்துவிட்டு வந்தவர், பக்தி வந்துவிட்டது என்று அம்மா ஊரெல்லாம் சொன்னார்.

பாவசங்கீர்த்தனத்தில் படம் பார்த்ததைச் சுவாமியாரிடம் சொன்னேன். நேர்த்தியைச் சொல்லவில்லை. ஐந்து பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். ஒரு அப்பாவின் உயிருக்கு ஐந்து மந்திரமா? சுவாமியாருக்கு விஷயம் விளங்கவில்லை என்று நினைத்து, ஐம்பது சொன்னேன்.

இப்படிப் பத்து வருடம். பள்ளிக்கூடத்தில் எனக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். சிரிப்பு வந்தால் உள்ளங்கையைக் கிள்ளுவேன், நாக்கைக் கடிப்பேன். சில வேளை தவறி வெடித்துவிடும். கோவில் பாட்டுக்காரர் ஒருவருடைய கட்டுப்பல் பாட்டின் நடுவில் கழன்று விழுந்தால் மனிதப் பிறவி என்ன செய்யும்? அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை, அப்பாவின் வள்ளம் கண்ணில் பட்ட பிறகுதான் மூச்சு வந்தது. சின்னம்மா மன்னாருக்குக் கலியாணம் செய்துகொண்டு போய்விட்டார். இதைச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை.

என் கணவர் பஸ்ஸில் கொண்டக்டர். முல்லைத்தீவுக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் நடக்கும் எந்தப் புதினமும் முதலில் அவருடைய காதுக்குத்தான் வரும். கலியாணம் முடிந்து எங்கள் வீட்டிலேயேதான் இருந்தோம். ஒரு நாள் வேலையால் வந்து, சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்து விரித்தார். அதே படம், அதே கொட்டகைக்குத் திரும்ப வந்திருக்கிறது. ஞாயிறு பகல் காட்சிக்கு நால்வரும் போவோம் என்றார். தபசுகாலமும் இல்லை. பாஸ்கு முடிந்து இரண்டு கிழமை. எனக்குச் சாட்டுச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

தலையிடி என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வியாழனே தலையிடிக்குமா என்று அம்மா கேட்டார். மருமகன் ஆசையாகக் கேட்கிறார், முகத்தை நீட்டாதே என்று குசினிக்குள் வைத்து ஏசினார். அப்பா தன் பாட்டுக்குக் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். உந்தச் சினிமா ஒன்றும் தான் பார்ப்பதில்லை, இருந்தாலும் மருமகன் கூப்பிட்டால் வரத்தானே வேணும் என்றார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். திங்கள் விடிய அவர் கடலுக்குப் போக வேண்டும். என்னை இழுத்துக்கொண்டுபோய் எந்தப் படத்தின் முன்னால் இருத்தப்போகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. போவது, பார்ப்பது, ஆனால் சிரிப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பாதி நேர்த்தியாவது மிஞ்சட்டும்.

கொட்டகைக்குள் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் ஒரு கயிறு. அப்பாவும் என் கணவரும் அந்தப் பக்கம் மர வாங்கில் இருந்தார்கள். நானும் அம்மாவும் இந்தப் பக்கம். பழைய படம், திரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. என் நினைவில் அந்த ஜமீன் வீட்டுக்கு நூறு தூண் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், நாலு. அதில் ஒன்று சமையற்காரன் சாயும்போது ஆடியது. கதாநாயகிக்கு வயதும் கொஞ்சம் கூடத்தான். எல்லாம் சிறுத்துப் போயிருந்தன, ஆனால் சிரிப்பு மட்டும் சிறுக்கவில்லை. ஜமீன்தார் மாமரத்திலிருந்து விழுந்ததுமே எனக்கு வயிற்றுக்குள் எழும்பிவிட்டது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வாய்க்குள் வைத்தேன். கண்ணால் தண்ணீர் ஓடியது. அம்மா திரும்பிப் பார்த்து, சிரிப்புப் படத்துக்கு அழுகிற பிள்ளையைத் தான் பெற்றுவிட்டதாகச் சொல்லித் தலையில் கை வைத்தார்.

கள்ளன் வந்தான், பெட்டிக்குள் போனான். சமையற்காரன் பாடினான், பிசகினான், திரும்பப் பாடினான். இனித் தாங்காது என்று நான் கண்ணை இறுக மூடினேன். கொட்டகை முழுக்க அமைதி. திரையில் இப்போது மூடிய பெட்டி மட்டும்தான் என்று எனக்குத் தெரியும். தாளம் இன்னும் தொடங்கவில்லை.

அப்போது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒருவர் சிரித்தார். கடல் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பழகிய குரல், பாயைக் கிழிக்கிற சிரிப்பு. அது என் அப்பா.

கண்ணைத் திறந்தேன். பெட்டிதான் நின்றது. ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் உள்ளேயிருந்து தட்டுச் சத்தம் வந்தது, கொட்டகை சிரித்தது.

"உந்த மனுஷனுக்கு என்ன, பெட்டியைப் பாத்துச் சிரிக்குது?" என்றார் அம்மா.

நான் படத்தை விட்டுவிட்டேன். காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு இருந்தேன். சரியாகத் தாளம் போட்ட கள்ளனை ஜமீன்தார் வெளியே எடுத்துப் பொன்னாடை போர்த்துவார், அவர் பொன்னாடையைக் கையில் எடுக்க முன்னமே அப்பா சிரித்தார். காதலன் கிணற்றுக்குள் விழ முன்னம் சிரித்தார். கடைசிப் பாட்டில் ஒரு அடியைத் திரையில் பாட முதல் இவர் முணுமுணுத்து முடித்தார். பக்கத்தில் இருந்த என் கணவர் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

சினிமாவே பார்க்காத மனிதர். என் பிறப்புக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வெளியில் தனியாக அவர் கழித்த இரவுகள் மூன்றே மூன்று.

படம் விட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. அம்மாவும் என் கணவரும் கதைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்கள். நான் செருப்பு வார் கழன்றதுபோலக் குனிந்து பிந்தினேன், அப்பாவும் நின்றார்.

"அப்பா, நீங்கள் இந்தப் படத்தை முந்திப் பாத்தனீங்களோ?"

அவர் முன்னால் போகிறவர்களைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

"திருகோணமலையிலை. பாய்மரம் செதுக்கிறவன் பொழுதுபட வா எண்டிட்டான். சும்மா றோட்டிலை நிக்கிறதுக்கு ரெண்டு பேரும் உள்ளை போனம். வீட்டுக்குத்தான் சொல்லி அனுப்பியாச்சே எண்டு நினைச்சன். வந்து பாத்தா நீங்கள் எல்லாரும் செத்த வீடு நடத்திக்கொண்டு நிக்கிறியள். அதுக்குள்ளை நான் படம் பாத்த கதையைச் சொல்லுறதோ? அதுகும் தபசுகாலத்திலை. கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, பிள்ளை. மடுவுக்கு நடந்தது அவவின்ரை நேர்த்திக்கில்லை, என்ரை பாவத்துக்கு."

அந்த வருடம் அந்தப் படத்தின் பெட்டிகள் கிழக்குக் கரை முழுக்கச் சுற்றிக்கொண்டு திரிந்திருக்கின்றன. எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

நடு றோட்டில் நின்று நான் எல்லாவற்றையும் கொட்டினேன். சின்னம்மா, வெள்ளிக்கிழமை, வாயைப் பொத்தியது, மாதாவுக்கு நேர்ந்தது, பத்து வருடம் நாக்கைக் கடித்தது, இன்று சேலைத் தலைப்பை வாய்க்குள் வைத்தது. சொல்லச் சொல்ல அவருடைய முகம் வேறு மாதிரிப் போனது. பகிடி எல்லாம் அவரை விட்டுப் போய்விட்டது.

"நேர்ந்தது எப்ப?"

"ஞாயிறு, நாலு மணிக்கு."

"பாய்மரம் முறிஞ்சது வெள்ளி விடியப்புறம். நீ படத்துக்கு வெளிக்கிட முன்னமே நாங்கள் இழுபட்டுப் போட்டம். கரை ஏறினது சனி காலமை." விரல் விட்டு எண்ணுவதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னார். "ஞாயிறு நாலு மணிக்கு நீ முழங்காலிலை நிக்கேக்கை நான் உந்தப் பெட்டியைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு இருந்தனான்." பிறகு என் தலையில் கையை வைத்தார். கலியாணம் செய்த பெண்ணின் தலையில் எங்கள் பக்கத்து அப்பாமார் கை வைப்பதில்லை. "மாதா உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லை, மோனை. நீ கேக்க முதலே அவ தந்திட்டா."

முதலில் எனக்கு அழுகைதான் வந்தது, நன்றாக அழுதேன். பிறகு, நான் கோவில் நிலத்தில் முழங்கால் தேய நின்ற அதே நேரத்தில் இந்த மனிதர் திருகோணமலையில் வாங்கில் இருந்து தொடையில் தட்டிச் சிரித்திருக்கிறார் என்பது மெல்ல மெல்ல உறைத்தது. வயிற்றிலிருந்து எழும்பியது. நான் நாக்கைக் கடிக்கவில்லை. பத்து வருடச் சிரிப்பும் ஒரே மூச்சில் வந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட, தலைமயிர் அவிழ, அந்த றோட்டில் நின்று சிரித்தேன். என்ன ஒரு சுகம் அது. நெஞ்சில் இருந்த கல்லை எடுத்து எங்கேயோ எறிந்ததுபோல இருந்தது.

முன்னால் போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். பிள்ளைக்கு என்ன செய்தது என்று அம்மா அப்பாவைப் பிடித்தார். பெட்டியை நினைச்சுச் சிரிக்கிறாள் என்று அப்பா சொன்னார், அவருடைய முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கூடிவிட்டது. என் கணவர் வேலியடியில் நின்று, புதிதாக ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

அடுத்த நாள் விடியப்புறம் அப்பா வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போனபோது நான் நல்ல நித்திரை.